அந்த அரை விநாடியை வெட்டாதீர்கள்

கேள்வி: நான் காரைதீவைச் சேர்ந்தவள். வாகரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். மாதத்துக்கு ஒரு படம் போட்டு, பிள்ளைகளோடு அதைப் பற்றிக் கதைப்பது வழக்கம். அடுத்த மாதத்துக்கு ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ என்று சொன்னேன். ஆசிரியர் அறையே சிரித்தது. “என்ன ரீச்சர், தமிழன் கௌபோய்த் தொப்பி போட்டு ஆடுறதெல்லாம் ஒரு படமா? வேற ஒண்டும் கிடைக்கயில்லையா?” என்று ஒருவர் கேட்டார். அவர் சொல்வதில் பாதி சரி என்று எனக்கும் தெரியும். பிற்பாதி இழுபடுகிறது. பெண்களுக்கு அதில் வேலை இல்லை. இறகு செருகிய பழங்குடிகளைக் காட்டும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 2010இல் அப்பாவோடு இருந்து பார்த்த நாளிலிருந்து எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ‘ஜெய்சங்கர்புரம்’ என்று ஊர்ப்பெயர் வந்ததுமே அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. குறையுள்ள படத்தில் ஆசை வைப்பது ரசனைக் குறைவா? இதைப் பிள்ளைகளுக்குப் போடலாமா? பிடிக்காத காட்சிகளை வெட்டிவிட்டுப் போட்டால் என்ன?

பதில்: அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். வெட்டுவதுதான் என் தொழில். இருபது வருடத்துக்கு மேலாக மட்டக்களப்பில் இருந்து குறும்படம், ஆவணப்படம், கலியாண வீடு, கோயில் திருவிழா என்று எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுத்து வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் இதே படத்தை நான் ஒரு தரம் வெட்டியும் பார்த்திருக்கிறேன். அதிலிருந்துதான் உங்களுக்குச் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கிறது.

என்னிடம் தொழில் பழக வந்த இரண்டு பொடியன்மாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. எல்லாரும் இழுவை என்று சொல்கிற ஒரு படத்தை எடுத்து, கதை கெடாமல் இருபது நிமிடத்தைக் குறையுங்கள் என்றேன். இந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். அவர்கள் முதலில் கை வைத்தது பழங்குடித் தலைவர் வரும் இடத்தில். தலைவராக வரும் எம். எஸ். பாஸ்கர் யாருக்கும் விளங்காத ஒரு மொழியில் பேசுவார். பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்லுவார். தலைவர் பேசி முடித்ததற்கும் மற்றவர் வாய் திறப்பதற்கும் நடுவில் ஒரு வெறுமை இருக்கும். தொகுப்பாளனின் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற இடம். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில், பொடியன்மார் ஒவ்வொரு வெறுமையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு ஃபிரேமாகக் கழற்றினார்கள். அரை விநாடி. யாருக்குத் தெரியப் போகிறது?

போட்டுப் பார்த்தோம். காட்சி செத்துப் போயிருந்தது. வசனம் எல்லாம் இருக்கிறது, நடிப்பு எல்லாம் இருக்கிறது, சிரிப்பு மட்டும் இல்லை. அந்த அரை விநாடியில்தான் நாங்கள் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறோம். ‘இவர் என்ன சொல்லியிருப்பார்?’ என்று எங்கள் மனதும் அவரோடு சேர்ந்து காத்திருக்கிறது. பேச்சுக்கும் பெயர்ப்புக்கும் இடையில் இருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் பகிடி கிடக்கிறது.

அதற்குப் பிறகு புதையல் தேடிப் போகும் பகுதிக்கு வந்தோம். அங்கே ஒன்பது நிமிடம் கழற்றினோம். ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. ஆகவே உங்கள் சக ஆசிரியர் இழுவை என்று சொல்வது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்தப் படத்தில் இரண்டு வகை நீளம் இருக்கிறது. ஒன்று, கண் வாசித்து முடிக்கட்டும் என்று விட்ட நீளம். மற்றது, எழுதும்போதே தளர்ந்துபோன நீளம். இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்தால் படத்துக்காக நீங்கள் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. இந்த இடம் நல்லது, இந்த இடம் நல்லதில்லை என்று கை வைத்துக் காட்டினால் போதும்.

முதல் வகை நீளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் படம் இன்னும் திறக்கும். இயக்குநர் சிம்புதேவன் படமெடுக்க வருவதற்கு முன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் வரைந்தவர். கார்ட்டூனை நாங்கள் எப்படிப் பார்க்கிறோம்? கதை எங்கே போகிறது என்று ஓடுவதில்லை. ஒரு சட்டத்துக்குள் நின்று, முதலில் பெரிய ஆளைப் பார்த்து, பிறகு அவர் கையில் என்ன இருக்கிறது, பின்னால் நிற்பவன் என்ன செய்கிறான், மூலையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆறுதலாக மேய்கிறோம். 2006இல் வடிவேலுவை வைத்து அவர் எடுத்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யில் அக்காமாலா, கப்சி என்று இரண்டு குளிர்பானம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? ராசா காலத்துக் கதைக்குள் இன்றைய கடைத்தெருவைக் கொண்டுவந்து வைக்கும் கை அது. அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்கிறது. இந்தப் படத்தில் ஊசாபுரம் என்ற ஊரோடு போடும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2008இல் இந்தியாவும் அமெரிக்காவும் அணு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இரண்டு வருடத்துக்குள் அதைத் தொப்பியும் குதிரையுமாகத் திரைக்குக் கொண்டுவந்த தமிழ்ப்படம் இது. ஊர்ப்பெயரிலேயே யூ.எஸ்.ஏ. ஒளிந்திருக்கிறது. இதையெல்லாம் வாசிக்க நேரம் வேண்டும். ஆகவே படம் நிற்கிறது. ஆனால் சட்டம் சட்டமாக யோசிக்கிறவருக்கு, இரண்டரை மணித்தியாலத்தை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும் கதை கையில் வரவில்லை. மூலைமுடுக்கெல்லாம் நிறைந்திருப்பதற்கும் நடு வழியில் தள்ளாடுவதற்கும் காரணம் ஒரே கை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய ஏலாது. நாங்கள் இருபது நிமிடத்தைக் கழற்றிவிட்டுக் கண்டது அதைத்தான்.

‘தமிழன் கௌபோய்த் தொப்பி போடலாமா’ என்ற கேள்விக்கு வருகிறேன். இதைக் கேட்டவர் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் வட்டக்களரியில், அதாவது கூத்து மேடையில், வடமோடிக் கூத்துக்குக் கரப்புடுப்பு என்கிற கூத்து உடையை உடுத்து அருச்சுனனாக வந்து நிற்பவர் யார்? விடிந்தால் தோணி தள்ளுகிறவர், அல்லது வயலுக்குள் இறங்குகிறவர். அவருடைய மனிசியும் பிள்ளைகளும் களரியைச் சுற்றிப் பாயில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘இவன் எப்படி அருச்சுனனாக இருக்க ஏலும்?’ என்று ஒரு சின்னப்பிள்ளைகூடக் கேட்பதில்லை. ஆளையும் தெரிகிறது, வேஷத்தையும் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் எங்களுக்குச் சந்தோசம்.

இந்தப் படத்தை நான் முதல்முதல் பார்த்தது படுவான்கரையில் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார் வீட்டில். அவருடைய கூத்து ஒன்றைப் பதிவு செய்யப் போன இடத்தில், வேலை முடிந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய பேரன் டிவிடியைப் போட்டான். நாயகன் ராகவா லோரன்ஸ் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்து நிற்கிற இடத்தில், சாய்மானக் கதிரையில் படுத்திருந்த கிழவர் நிமிர்ந்து இருந்தார். கதிரைக் கையில் விரலால் தாளம் தட்டத் தொடங்கினார். “மனே, இது வரவுதானே,” என்றார். ஒவ்வொரு பாத்திரமும் களரிக்கு வரும்போது தன்னுடைய வரவை ஆடித்தான் வரவேண்டும். ராசா சும்மா நடந்து வர ஏலாது. எனக்கு அதுவரைக்கும் படத்தில் லோரன்ஸ் கொஞ்சம் அதிகமாக ஆடுகிறார் என்றுதான் பட்டது. அண்ணாவியார் சொன்ன பிறகு அந்த உடம்பின் வேலை முழுவதும் வேறாகத் தெரிந்தது. லோரன்ஸ் நடன மாஸ்டராக இருந்து வந்தவர். தூக்குமேடைக்குப் போக இருந்த ஒரு சாதாரணச் சிங்காரம், காணாமல்போன வீரன் சிங்கமாக வேஷம் கட்ட வேண்டும் என்பதுதானே கதை? படமே வேஷம் கட்டுவதைப் பற்றியது. வேஷம் போலியாக இருக்கிறது என்று குறை சொல்பவர் படத்தின் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அண்ணாவியார் பிற்பாதியில் நித்திரையாகிவிட்டார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் எங்களுடையது. நித்திரை வந்தால் அந்த இடத்திலேயே சரிந்து, மத்தளம் உரத்தால் எழும்பிப் பார்ப்போம். அதனால் கூத்தைக் குறைவாக எடைபோட்டவர் எவரும் இல்லை.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். உங்கள் ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ என்று எழுதினார். ஓசையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் தமிழில் அந்தப் பெயருக்கு ஒரு பொருள் வந்துவிட்டது, உலகைச் செதுக்குகிற சிற்பி. பக்தியோடு செய்த காரியம் அது. இந்தப் படத்தில் நாசர் ஏற்ற வில்லனின் பெயர் கிழக்குக்கட்டை. பிள்ளைகளிடம் அதை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கிழக்கு, ஈஸ்ட். கட்டை, வூட். கௌபோய்ப் படம் என்றாலே முதலில் ஞாபகம் வரும் ஹொலிவூட் நடிகர் கிளின்ட் ஈஸ்ட்வூட்டைத் தமிழில் பெயர்த்து, வில்லனாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சுவாமி செய்தது ஓசையைப் பிடித்துப் பொருள் கொடுப்பது. சிம்புதேவன் செய்தது பொருளைப் பிடித்து ஓசையை விடுவது. இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. வெளியிலிருந்து வருகிற ஒன்றைத் தமிழ் வாய்க்குப் பழக்குவதில் எங்களுக்குள்ள ஆசை பழையது, அதைப் படிப்பிக்க உங்களுக்கு உங்கள் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஈஸ்ட்வூட்டே எப்படி உலகப் புகழ் பெற்றார்? 1964இல் இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனி எடுத்த படத்தால். அதன் கதை, ஜப்பானில் குரோசாவா 1961இல் எடுத்த ‘யோஜிம்போ’விலிருந்து வந்தது. படம் பிடித்த இடம் ஸ்பெயின். இவ்வளவு பேர் கைமாற்றிப் போட்ட தொப்பியைத் தமிழன் போட்டால் மட்டும் யாருக்கு என்ன? 1972இலேயே கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று குதிரை ஏறிவிட்டார். உங்கள் அப்பா சிரித்தது அதற்குத்தான். ஒரு காலத்தில் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்த நாயகனின் பெயரில் ஓர் ஊரையே கட்டி வைத்திருக்கிறார்களே என்ற சந்தோசம். பக்கத்து ஊர் சோலேபுரமும் அப்படித்தான், 1975இல் வந்த ‘ஷோலே’க்கு ஒரு கும்பிடு.

சரி, குறைகள். நீங்கள் எழுதியவற்றை நான் மறுக்கவில்லை.

பெண்கள் விசயத்தில் வாதமே இல்லை. பத்மப்பிரியா, லட்சுமி ராய், சந்தியா என்று மூன்று நாயகிகள் இருக்கிறார்கள். பத்மப்பிரியா நடிக்கத் தெரிந்தவர் என்று மற்றப் படங்களில் பார்த்திருக்கிறோம். இங்கே மூன்று பேரும் நாயகன் போகிற வழியில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு சட்டத்துக்குள் ஆயிரம் பகிடி நிரப்பத் தெரிந்தவருக்கு ஒரு பெண்ணுக்கு ஒரு பகிடி கொடுக்கத் தோன்றவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் இதை நேராகக் கேளுங்கள்: இந்த மூன்று பேரில் யாராவது ஒருவர் எங்களைச் சிரிக்க வைத்தாரா? பதிலை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பழங்குடி விசயம்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது, அதுவும் உங்கள் பாடசாலை வாகரைப் பக்கம் என்றதும். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த அந்த அரை விநாடியும் நீங்கள் வெறுக்கிற இறகும் ஒரே காட்சியில் இருக்கின்றன. அதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை.

அந்தக் காட்சியில் எங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது? அலுவலகம் ஒன்றில் சிங்களம் தெரியாமல் போய் நின்ற எவருக்கும் அது தெரியும். எனக்கு ஒரு தரம் ஒரு கடதாசிக்குக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நீளமாக ஏதோ சொன்னார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பியோன் என்னைத் திரும்பிப் பார்த்து, “நாளைக்கு வரட்டாம்,” என்றார். அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா என்று கேட்க எனக்கு மொழி இல்லை. படத்தில் அந்த வெறுமை வரும்போதெல்லாம் நான் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறேன். காத்து நிற்பவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது உண்மையான பகிடி, வலியிலிருந்து வந்த பகிடி.

ஆனால் படம் அந்தத் தலைவருக்கு உடம்பில் சாயம் பூசி, தலையில் இறகு செருகி, அவருடைய மொழியை வெறும் சத்தமாக ஆக்கிவிட்டது. இது ஹொலிவூட்டின் பழைய பாவம். அங்கே வெள்ளைக்காரருக்கு நிறம் பூசிச் செவ்விந்தியராக நிறுத்திய படங்கள் எத்தனையோ. ஹொலிவூட்டைக் கிண்டல் செய்ய வந்த படம், கிண்டல் செய்யாமலே அப்படியே எடுத்துக்கொண்ட ஒன்று இது. வாகரை, கதிரவெளி, பனிச்சங்கேணிப் பக்கங்களில் கரையோர வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. இன்றைக்கு அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் பேசிய மொழி கைநழுவிப் போய்விட்டது. உங்கள் வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்கலாம். ‘காட்டாள் மொழி வெறும் சத்தம்’ என்று வகுப்பு முழுக்கச் சிரிக்கும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்? இந்தப் படத்தில் எனக்குள்ள பிரியத்தைவிட அந்தப் பிள்ளையின் முகம் எனக்குப் பெரிது. அப்படிப் பிள்ளைகள் இருந்தால் முதலில் தாய் தகப்பனோடு போய்க் கதையுங்கள். அவர்களுக்கு மனம் நோகும் என்று பட்டால் அந்தப் படத்தைப் பாடசாலையில் போட வேண்டாம். வீட்டில் பாருங்கள், என்னோடு கதையுங்கள்.

போடுவது என்று முடிவானால் அந்தக் காட்சியை வெட்டாதீர்கள். வெட்டினால் பிள்ளைகளுக்குக் கிடைப்பது குற்றமில்லாத படம் அல்ல, குற்றம் மறைத்த படம். முழுவதையும் ஓட விட்டு, அது முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சத்தைப் போடுங்கள். யார் சிரித்தீர்கள், எந்த இடத்தில் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். தலைவரின் வாயைப் பார்த்துச் சிரித்தவர் ஒரு பக்கம், காத்து நிற்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர் மறுபக்கம் இருக்கட்டும். பிறகு சாயமும் இறகும் இல்லாமல், ஓர் அலுவலக மேசையை வைத்து, அதே காட்சியைப் பிள்ளைகளையே நடிக்க விடுங்கள். நீங்கள் நாடக ஆசிரியை. நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அரை விநாடியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படத்தை ஒரே நாளில் முடிக்காதீர்கள். இடைவேளை வரைக்கும் ஒரு கிழமை, மிச்சம் அடுத்த கிழமை. புதையல் பகுதியில் பிள்ளைகள் பின்வரிசை வாங்கில் இருந்து கதைக்கத் தொடங்கினால் ஏசாதீர்கள், அங்கே படம்தான் அவர்களைக் கைவிட்டது. எந்த நிமிடத்தில் அலுப்பு வந்தது என்று கொப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புகளைப் பார்க்க எனக்கு உண்மையாகவே ஆசை. என் பொடியன்மார் கழற்றிய ஒன்பது நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

ரசனைக் குறைவா என்று கேட்டீர்கள். குறை தெரியாமல் ஆசைப்பட்டிருந்தால் நீங்கள் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆசிரியர் அறையில் திரும்பக் கேட்டால், படம் நல்லது என்று அடித்துப் பேச வேண்டாம். கிழக்குக்கட்டை என்றால் என்ன என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்ல யோசிக்கிற நேரத்துக்குள் அவருக்கும் சிரிப்பு வரும்.

இன்னும் ஒன்று. அப்பாவால் பிரயாணம் செய்ய ஏலுமென்றால், படம் போடுகிற அன்று கூட்டிக்கொண்டு போங்கள். மட்டக்களப்பில் பஸ் மாறிப் போகிற தூரம்தான். படம் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் அவர் பிள்ளைகளுக்கு ஜெய்சங்கரைப் பற்றிச் சொல்லட்டும். எந்தத் தியேட்டர், யாரோடு போனார், ரிக்கெட் என்ன விலை, எந்தச் சண்டைக்கு விசிலடித்தார் என்று அவருக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். பிறகு அந்த ஊர்ப்பெயர் வரும்போது அவர் தனியாகச் சிரிக்க வேண்டியிருக்காது.